ஈரம் கழித்த எடை

பத்தொன்பது வருஷமாக நசீர் அகமது பாய் மண்டியில் மல்லாட்டை மூட்டைகளுக்கு எடை போடுகிறவன் நான். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மூட்டை தராசில் உட்காரும் சத்தத்தை வைத்தே எடையைச் சொல்லிவிடுவான் சின்னசாமி என்று திருவண்ணாமலை மண்டிக்காரர்களிடம் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் பாதி நானே பரப்பியது. அப்படிப்பட்ட நான், எண்பத்திரண்டாம் வருஷம் தீபம் முடிந்ததிலிருந்து பொங்கல் வரும் வரைக்கும் என் மாமியாரைத் தினமும் காலையில் எடை போட்டேன். துளி பிசகாமல் போட்டேன். அந்த எடையைப் படிக்கத் தெரியாமல் அவரைச் சாவின் வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மாமியார் பெயர் ஆதிலட்சுமி. ஊர் அடி அண்ணாமலை. மாமனார் போன பிறகு இரண்டு எருமைகளோடு தனியாக இருந்தார். டவுனுக்கு நடந்தே வந்து தயிர் விற்றுவிட்டு நடந்தே திரும்புகிறவர். முதலில் பாதி வழியில் உட்கார ஆரம்பித்தார். அப்புறம் ஊர் எல்லையிலேயே. அப்புறம் வாசல்படியிலேயே. "வயசாச்சு, மூச்சு வாங்குது" என்றார். ஐம்பது வயசில் என்ன வயசாச்சு என்று பொன்னிதான் அழுது அடம்பிடித்து, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வைத்தாள். பொன்னி என் மனைவி, அவருக்கு ஒரே மகள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அத்தை என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, மரியாதை. மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் மாமியார் உட்காரக் கூடாது, எதிரே வரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. மற்ற வீடுகளில் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது. அத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. நான் சாப்பிடும்போது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஏண்டி பொன்னி, மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி கொழம்பு ஊத்தேன்" என்பார். நானும் சுவரைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பேன். இரண்டடி தூரப் பேச்சு, பொன்னியைச் சுற்றிக்கொண்டுதான் வரும்.

அதனால்தான் வேலூரில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியபோது, அத்தை உள்ளே வரவில்லை. பொன்னி அவரோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இதயத்துக்குள் கதவு மாதிரி ஒன்று இருக்கிறதாம். சின்ன வயசில் வந்த ஏதோ ஒரு காய்ச்சலில் அது சுருங்கி, சரியாகத் திறக்கவும் இல்லை, சரியாக மூடவும் இல்லை. அதை எடுத்துவிட்டு வேறு வால்வு வைக்க வேண்டும். பெரிய டாக்டர் படம் போட்டுக் காட்டிச் சொன்னார்.

"இப்ப இருக்கிற உடம்பு ஆபரேஷன் தாங்காது. ரொம்ப எளைச்சிருக்காங்க. பொங்கல் முடிஞ்ச திங்கட்கிழமை வந்து சேருங்க. அதுக்குள்ள உடம்பத் தேத்தணும்" என்றார் அவர்.

அவர் எழுந்து போனதும், பக்கத்தில் இருந்த இளவயது டாக்டரம்மா மீதியைச் சொன்னார். சொத்தைப் பல் இரண்டு இருக்கிறது, பிடுங்கிவிட வேண்டும். பல்லில் இருக்கிற கிருமி புது வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். ரத்தம் கொடுக்க ஐந்து பேரை அழைத்து வர வேண்டும். உப்பு கம்மியாகப் போட வேண்டும். காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, அது உடம்பில் சேருகிற தண்ணீரை இறக்கும். கடைசியாக, "தினமும் காலையில எடை பாக்கணும். உங்க ஊர்ல எடை பாக்க வசதி இருக்குதா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குக் காலையிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். "டாக்டரம்மா, யார்கிட்ட கேக்கறீங்க?" என்று ஆரம்பித்து, மண்டி, தராசு, பத்தொன்பது வருஷம், மூட்டை உட்காரும் சத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் எழுதினார். எழுதிக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னார். நான் என் தராசுப் பெருமையில் இருந்தேன். இங்கிலீஷில் எழுதியிருந்த அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "நான் பாத்துக்கறேங்க" என்று கிளம்பிவிட்டேன்.

அத்தையை அடி அண்ணாமலைக்கு அனுப்பாமல் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். மகள் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவதே அவருக்குக் கூச்சம். அதுவும் எங்கள் வீடு, ரயில் பெட்டி மாதிரி, முன்னால் ஒரு கூடம், பின்னால் சமையல்கட்டு, அவ்வளவுதான். கக்கூஸ் வாசலுக்கு வெளியே, நாலு குடித்தனத்துக்கும் ஒன்று. காலையில் ஒன்பதரை மணி வரைக்கும் நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அத்தை சமையல்கட்டிலேயே பாயைப் போட்டுக்கொண்டார். இதையெல்லாம் அப்போது நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

என் நினைப்பெல்லாம் எடையில் இருந்தது. பாய் குடோனில் ஒரு பழைய மேடைத் தராசு சும்மா கிடந்தது. மூட்டை தூக்கும் சுப்பனை விட்டு அதை வண்டியில் ஏற்றி வந்து கூடத்து மூலையில் வைத்தேன். படிக்கல் வைத்துச் சரி பார்த்தேன். அத்தையின் சேலை ரவிக்கையைத் தனியாக எடை போட்டுக் கழித்துக்கொண்டேன். மண்டியில் சாக்கு எடை கழிப்பதில்லையா, அதே மாதிரி.

"எங்கம்மா இன்னா மூட்டையா?" என்றாள் பொன்னி.

"உங்கம்மா மூட்டையா இருந்தா எனக்குக் கவலையே இல்லடி" என்றேன்.

அத்தை சேலையைக் கால் விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பித் தராசில் ஏறினார். நான் அவர் பக்கமே கண்ணைத் திருப்பாமல் தராசு முள்ளை மட்டும் பார்த்தேன். முப்பத்தெட்டு கிலோ. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். எங்கள் பெண்கள் இரண்டும் நானும் ஏறுகிறேன், நானும் ஏறுகிறேன் என்று குதித்தன. அன்றைக்கு எல்லோருக்குமே கொஞ்சம் தைரியமாக இருந்தது.

பல்லைப் பிடுங்கினோம். அத்தை இரண்டு நாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே இருந்தார். மண்டியில் ரத்தத்துக்கு ஆள் கேட்டேன். நாலு மூட்டையைத் தலையில் வைத்தாலும் அசையாத சுப்பன், ஊசி என்றதும் வெளிறிப்போய், "வேற எதுனா கேளுண்ணே" என்றான். மறுநாள் தானாகவே வந்து, "வீட்டுக்காரி திட்டறா. பேர எழுதிக்கோ" என்றான். உப்பில்லாத குழம்பை வீட்டில் எல்லோருமே சாப்பிட்டோம். வாயில் வைக்க விளங்கவில்லை. அத்தைக்குத் தனியாக வைத்தால் அவர் சாப்பிட மாட்டார் என்பதால் நானும் முகம் சுளிக்காமல் விழுங்கினேன்.

ஆனால் எடை ஏறவில்லை. முதல் வாரத்தில் முப்பத்தேழரை, முப்பத்தேழு, அப்புறம் முப்பத்தாறரை. இளைத்த உடம்பைத் தேற்றி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இருக்கிறதும் கரைகிறதே. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். பிறந்ததிலிருந்து அப்படி.

"நீ இன்னாதான் சோறு போடற?" என்று பொன்னியிடம் கத்தினேன். "ஒரு வாரத்துல ஒண்ணரைக் கிலோ கம்மி! இப்பிடியே போனா டாக்டரு பாத்துட்டு, கத்தி வெக்க முடியாது, கூட்டிட்டுப் போங்கன்னு அனுப்பிடுவாரு. அப்பறம் உங்கம்மாவ நீயே வாரிக் குடுத்துக்கோ!"

சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. அத்தை கதவுக்குப் பின்னால்தான் இருந்தார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கடித்துக்கொண்டு என்ன பயன், சொன்ன சொல் போய்விட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து எடை ஏற ஆரம்பித்தது.

முப்பத்தேழு. முப்பத்தேழே முக்கால். முப்பத்தொன்பது. என் மனசு கொஞ்சம் கொஞ்சமாக லேசானது. நாற்பதைத் தொட்ட அன்று மண்டியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். "உங்க அத்தை மாடா, மனுசியா?" என்று பாய் கேலி செய்தார். காலையில் முள்ளைப் பார்த்து நான் எடையைச் சத்தமாகச் சொல்லுவேன். சொல்லும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் கூசுகிறது. சுவரைப் பார்த்து நின்ற அத்தை, இறங்கும்போது ஓரக்கண்ணால் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பொன்னி மட்டும் நிம்மதியாக இல்லை. "அம்மா சோத்த அப்பிடியே வெச்சிடுதுங்க. ரெண்டு வாய்க்கு மேல எறங்கல" என்றாள். எடை ஏறுகிறதே, அப்புறம் என்ன என்றேன். "படுக்கவே மாட்டேங்குது. சுவத்துல சாஞ்சே தூங்குது" என்றாள். புது இடம், அப்படித்தான் இருக்கும் என்றேன். இன்னொரு நாள், "அம்மாவுக்குச் செருப்பு நொழையல, பெருசா வாங்கணும்" என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். பாதத்தில் கூட சதை போட்டிருக்கிறது என்று பாயிடம் போய்ச் சொன்னேன். அடப்பாவி!

போகிக்கு மூன்று நாள் இருந்தது. மார்கழிப் பனி மலையை மறைத்துக்கொண்டிருந்த காலை. அன்றைக்குக் கலசபாக்கத்துப் பக்கமிருந்து வந்த இருசப்பன் என்கிற விவசாயியின் மூட்டைகளை எடை போட்டேன். முந்தின நாள் சாயங்காலமே அவற்றை எடை போட்டிருந்தேன். விலை படியவில்லை என்று மூட்டைகளை மண்டிக் களத்திலேயே போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் விலை பேசி முடித்து மறுபடி தராசில் ஏற்றினால், முதல் மூட்டை ஒன்றரைக் கிலோ கூடுதல். இரண்டாவதும் அப்படியே.

"பெரியவரே, நேத்து நாப்பது. இன்னிக்கி நாப்பத்தொண்ணரை" என்றேன்.

"ஏறிகீதா? நல்லதுதானப்பா. எடை எடைதான, போட்டுக்கோ" என்றார் அவர், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இன்னாய்யா நல்லது? மூட்டை ராத்திரி எழுந்து சோறு துன்னுச்சா? துன்னாம எப்பிடிய்யா எடை ஏறும்? தண்ணிய்யா! தண்ணி ஏறிகீது! இத அப்பிடியே கட்டி வெச்சா ரெண்டு நாள்ல உள்ள இருக்கறதெல்லாம் அழுவிப் பூடும்!"

சொல்லி முடித்தேன். என் குரல் என் காதிலேயே விழுந்தது.

சாப்பிடாமல் எப்படி எடை ஏறும்? அன்றைக்குக் காலையில் அத்தை நாற்பத்திரண்டரை. மூன்று நாளில் இரண்டு கிலோ. தட்டில் சோறு அப்படியே இருக்கிறது. செருப்பு நுழையவில்லை. காய்ந்த மல்லாட்டையைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும், ஈரக் காய் ஊமையாக இருக்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன், வீட்டில் இருக்கிற மனுஷி ஊமையாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. கையிலிருந்த நோட்டைச் சுப்பனிடம் எறிந்துவிட்டு ஓடினேன். தேரடி வீதியில் யாரோ கூப்பிட்டார்கள், யாரென்று கூடப் பார்க்கவில்லை.

அத்தை சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம் போல எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கையை ஊன்றிப் பாதி எழுந்து, மூச்சு இழுத்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார். உதடு கருத்திருந்தது. எத்தனை நாளாக அந்த உதடு அப்படி இருந்ததோ தெரியாது. நான் முகத்தைப் பார்த்தால்தானே?

"எழுந்திரிக்காதீங்க அத்தை" என்றேன். பொன்னி வழியாக இல்லை, நேராக. அவர் பயந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். சேலை ஓரத்தைக் கணுக்காலுக்கு மேலே விலக்கினேன். "ஐயோ, இன்னாடி இது, மாப்பிள்ளையப் போய்..." என்று அத்தை காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பொன்னி அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் விடவில்லை. அந்தக் கால் பளபளவென்று, என் காலை விடப் பருமனாக இருந்தது. கட்டை விரலால் எலும்பின் மேல் அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. நிரம்பவே இல்லை. என் விரல் பதிந்த இடம் அப்படியே நின்றது.

"அந்த வெள்ளை மாத்திரைய தெனமும் குடுக்கறியா?" என்று பொன்னியிடம் கேட்டேன்.

"என் கையாலதாங்க குடுக்கறேன். தண்ணியும் குடுக்கறேன்."

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஈரத்தில் பிசுபிசுத்துப்போன வெள்ளை மாத்திரைகள் கை நிறைய இருந்தன. பொன்னி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஏம்மா? ஏம்மா இப்பிடிப் பண்ணே?"

"அதப் போட்டா நிமிசத்துக்கு ஒரு வாட்டி வெளிய போவணும்" என்றார் அத்தை, சுவரைப் பார்த்து. "கூடத்துல மாப்பிள்ளை உக்காந்திருக்கறாரு. அவரத் தாண்டித் தாண்டி எத்தினி வாட்டி கக்கூசுக்குப் போறது? கூச்சமா இருந்துச்சுடி. அதான் வாயில வெச்சு, நீ போனதும் எடுத்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பதினோரு வருஷமாக நான் அனுபவித்த மரியாதை இப்படிக் காலில் நீராகக் கோத்துக்கொண்டு நிற்கிறது! மரியாதையாம் மரியாதை. கத்த வாயெடுத்தேன். போன தடவை கத்தியது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

சுப்பன் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், பாய் தன் காரையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அத்தையைப் பின் சீட்டில் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார வைத்து, பொன்னி தாங்கிப் பிடித்துக்கொண்டாள். முன் சீட்டில் நான் பையைத் துழாவி, டாக்டரம்மா கொடுத்த தாளை எடுத்தேன். போளூர் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது பாயிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பாய் படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"இன்னா போட்டிருக்குது பாய்?"

"தினமும் எடை பாக்கணும்னு போட்டிருக்குது" என்றார்.

"அப்பறம்?"

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எடை ஜாஸ்தியானா அது தண்ணி, ஒரு நாளும் தாமதிக்காம கூட்டிட்டு வரணும்னு போட்டிருக்குது, சின்னசாமி. அடியில கோடு போட்டிருக்காங்க."

கேட் திறந்தது. பின்னால் அத்தையின் மூச்சு, தண்ணீர் போக முடியாத குழாய் மாதிரி கொரகொரத்துக்கொண்டிருந்தது. கண்ணமங்கலம் தாண்டி வேலூர் வரும் வரைக்கும் அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. அண்ணாமலையாரை எத்தனை தரம் கூப்பிட்டேன் என்று அவருக்கே தெரியும்.

உடனே சேர்த்துக்கொண்டார்கள். மூக்கில் காற்றுக் குழாய் வைத்து, ஊசி போட்டார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆபரேஷனுக்கு வேலையே இருந்திருக்காது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதே டாக்டரம்மா என்னிடம் வந்தபோது நான் எழுந்து நின்று, "நீங்க சொன்னத நான் காதுல வாங்கலம்மா. எம் பெருமையப் பேசிக்கிட்டு இருந்துட்டேன்" என்றேன். கையிலிருந்த காலண்டர் தாள்களை நீட்டினேன். ஏன் கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியாது. கையில் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "இவ்ளோ கரெக்டா யாரும் எழுதிக் கொண்டு வந்ததில்ல. இது எங்களுக்கு உபயோகப்படும்" என்றார். பிறகு ஒரு தாளில் விரலை வைத்தார். "முதல் வாரம் எடை எறங்கியிருக்கு பாருங்க. மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு. அதுதான் அவங்க தேறி வந்த வாரம். இந்தத் தேதியில இருந்துதான் நிறுத்தியிருக்காங்க. பதிமூணு."

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். டிசம்பர் பதிமூன்று. பன்னிரண்டாம் தேதி காலையில்தான் நான் கூடத்தில் நின்று கத்தினேன். எடை குறைந்தால் கத்தி வைக்க மாட்டார்கள், வாரிக் கொடுத்துக்கொள் என்று கத்தினேன். மறுநாளிலிருந்து மாத்திரை முந்தானை முடிச்சுக்குப் போயிருக்கிறது. முதல் வாரம் முழுக்க அதே கூடத்தைத் தாண்டித் தாண்டிக் கூச்சத்தோடு போய்வந்தவர்தானே அவர்? மாத்திரை போட்டால் எடை இறங்குகிறது, மாப்பிள்ளை கத்துகிறார். போடாவிட்டால் ஏறுகிறது, மாப்பிள்ளை முகம் மலர்கிறது. கூச்சம் உண்மைதான், ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை மகளிடம் கூடச் சொல்லாமல் என்னைக் காப்பாற்றிவிட்டார். வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதேன். பொன்னியிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பொங்கல் அந்த வராந்தாவிலேயே போனது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் கொடுத்த கரும்பைக் கடிக்க மனசில்லாமல் சுவரில் சாய்த்து வைத்தோம். அத்தையின் எடை நாற்பது, முப்பத்தெட்டு, முப்பத்தேழு என்று இறங்கியது. இறங்க இறங்க மூச்சு சீரானது, உதடு சிவந்தது, இரண்டு இட்லி சாப்பிட்டார். ஒரு மாசம் முன்னால் பார்த்து நடுங்கிய அதே எண்களுக்காக இப்போது தினமும் காலையில் நர்ஸ் பின்னாலேயே ஓடினேன். சுப்பனும் மற்ற நாலு பேரும் பஸ்ஸில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இருபத்திநாலாம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

அன்றைக்குக் காலையில் பச்சை உடுப்பில் அத்தையைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டு வந்தார்கள். போகும் முன் கடைசியாக ஒரு தரம் எடை பார்க்க வேண்டும் என்று நர்ஸ் வராந்தாவில் இருந்த தராசில் ஏறி நிற்கச் சொன்னார். பொன்னி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். நான் வழக்கம் போல ஒதுங்கிச் சுவரோரம் நின்றேன்.

அத்தை தராசில் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தார். பொன்னியைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"மாப்ள" என்றார். நேராக என் முகத்தைப் பார்த்து. "தராசு சரியா கீதான்னு நீங்க ஒரு வாட்டி பாருங்க."

பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. கிட்டே போய் முள்ளை ஒரு தடவை ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தேன். "சரியா இருக்குது அத்தை."

அவர் ஏறினார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் நின்றார்.

"எவ்ளோ?"

"முப்பத்தஞ்சே முக்கால்."

"கம்மி ஆயிடுச்சே" என்றார். குரலில் உண்மையாகவே பயம் இருந்தது. "கத்தி வெப்பாங்களா?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவர் காலை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தினேன். இழுத்துக்கொள்ளவில்லை. விரலை எடுத்ததும் தோல் உடனே மேலே வந்தது. எலும்பும் தோலுமான கால். இருந்தாலும் அது அவருடைய கால்.

"வெப்பாங்க அத்தை. ஈரமே இல்ல. நல்லாக் காஞ்ச மல்லாட்டை" என்றேன்.

அத்தை வாயைப் பொத்தாமல், பிடுங்கிய பல் இடம் தெரியச் சிரித்தார். அப்புறம் வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டார். தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

பொன்னி மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள். "போயிட்டாங்களா? எதுனா சொன்னாங்களா?"

"எடை கேட்டாங்க."

"யாரக் கேட்டாங்க, நர்ஸையா?"

"எங்கிட்டதான்" என்றேன்.

அவள் அதை நம்பாதவள் மாதிரி என் முகத்தையே பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி எட்டு. ஆபரேஷன் முடிய மத்தியானம் இரண்டு ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.